தொங்கும் நூலிலிருந்து ஐம்பது

மகனே, இதைப் போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று நீ வைத்துவிடுவாய். உன் "சரிப்பா"வில் எனக்கு நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவில்லை. இயந்திரம் படிப்பதற்கென்று உட்கார்ந்து எழுதுகிற பிள்ளைகள் உன்னைப் போல் பெங்களூரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் என்னைப் போல் சொன்னதையே சொல்லிக்கொண்டு ஒருத்தன் இருப்பான். அவர்களும் படிக்கட்டும். இத்தனை வருடம் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த கண், ஒரு பக்கம் எழுதுவதற்குள் நீர் கோத்துக்கொள்கிறது. உடம்பு அலுப்பைவிட மனசு அலுப்பு அதிகம். ஒரு சண்டையை முடிக்காமல் தூக்கிக்கொண்டே திரிகிற அலுப்பு. இன்றைக்கு இதை இறக்கி வைக்கிறேன்.

சண்டை எதைப் பற்றி என்று உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வைகாசியில் உன் கல்யாணம் முடிந்தது. அதற்கு முன்பே மாடியில் உங்கள் இருவருக்கும் ஓர் அறை கட்டினேன். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து தங்குவதாக நீ சொல்லியிருக்கிறாய். அந்த அறைக்கு ஏறப் படி இல்லை. கொத்தனார் விட்டுப்போன மூங்கில் ஏணி ஒன்றுதான் சாய்ந்து கிடக்கிறது. முட்டிவலிக்காரி உன் அம்மா அதில் கால் வைக்க மாட்டாள். தன் மகனுக்குக் கட்டிய அறையை அவள் இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. கடத்தூரில் பாதி ஊருக்கு இரும்புப் படி செய்து கொடுத்தவன் வீட்டில் படி இல்லை. "கடையில எல்லாருக்கும் சோறு, சொந்த வூட்டுல பட்டினி" என்று பட்டறைக் கூட்டாளி பெருமாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறான். அவன் சொன்னால் சிரிப்பு வருகிறது. நீ செய்ததை நினைத்தால் வரவில்லை.

கல்யாணம் முடிந்து கிளம்புகிற அன்று என் போனில் நீ ஒன்றைப் போட்டுக் கொடுத்தாய். "தமிழ்லயே கேளுங்கப்பா, கணக்குப் போட்டுச் சொல்லும். பின்னாடி கணக்குப் போடறது நான் செஞ்ச கருவி. இனிமே அந்தப் பழைய லாக் புக்க மூட்டை கட்டுங்க" என்றாய். எட்டாவதோடு நின்றவன் நான். சைன், காஸ், டேன் எல்லாம் தர்மபுரி பழைய புத்தகக் கடையில் வாங்கிய அந்த லாக் புக்கை வைத்து நானாகக் கற்றுக்கொண்டது. அதை மூட்டை கட்டு என்றபோது சுருக்கென்றது. ஆனாலும் என் மகன் கருவி செய்திருக்கிறான், அது கூப்பிட்டால் பேசுகிறது என்று பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் போனைக் காட்டினேன். தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மண்டிக்குப் போகிற வழியில் டிராக்டர் கொக்கியைப் பற்றவைக்க நின்றவரைக்கூட விடவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு நம் வீட்டுப் படிக்கு ஆரம்பித்தேன். மாடி விளிம்பு தரையிலிருந்து பத்தடி உயரம். படி வந்து உட்காருவதற்கு வாசலில் ஒரு காங்கிரீட் கட்டையும் போட்டாயிற்று. மாடி விளிம்பிலிருந்து அந்தக் கட்டைக்குக் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். அதில் என் பாகைமானியைப் பிடித்தேன். அதை நீ சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். உன் ஜாமெட்ரி பாக்ஸில் இருப்பது போன்றதுதான், ஆனால் நடுத்துளையில் ஒரு நூல், நூலின் முனையில் ஒரு நட். நேர்விளிம்பைக் கயிற்றோடு ஒட்டிப் பிடித்தால் நட் நேராகத் தொங்கும். நூல் விழுகிற இடத்தில் இருப்பதுதான் எங்கள் எண். அன்றைக்கு ஐம்பதில் விழுந்தது. எங்கள் பட்டறையில் ஐம்பது என்றால் வயசானவர்களும் ஏறக்கூடிய படி. தரையிலிருந்து அளந்தால் அதுவே நாற்பது. பள்ளிக்கூடத்தில் நாற்பது என்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்குத் தரை மேடுபள்ளமாகத்தான் இருக்கும். தொங்குகிற நூல் ஒன்றுதான் நேர். அதனால் நாங்கள் நூலிலிருந்து அளக்கிறோம்.

போனை எடுத்து, "பத்தடி உசரம், அம்பது டிகிரி சாய்வு, படிக்குச் சேனல் எவ்வளவு நீளம் வெட்டணும்?" என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பதிமூன்று அடி, அதற்கு மேல் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட என்று சொல்லிவிட்டது. பெருமாள் மீசையைத் தடவினான். "அண்ணே, கொறையாட்டம் தெரியுதே." "என் பையன் போட்ட கணக்குடா" என்றேன். "கயிறு கட்டித்தான் இருக்குது. அதையே டேப்புல அளந்தா முடிஞ்சுதே?" என்றான். நியாயமான பேச்சுதான். கயிற்றை அளந்திருந்தால் பதினைந்தரை அடி என்று அப்போதே தெரிந்திருக்கும். நான் அளக்கவில்லை. ஏன் என்று உன் அம்மாவும் கேட்டாள், நீயும் கேட்டாய். உன் கருவிக்கு நம் வீட்டு வேலை ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வேறு காரணம் கிடையாது. படியை இரண்டு பக்கமும் தாங்குகிற இரும்புச் சேனல் இரண்டையும் பதிமூன்று அடிக்கு வெட்டிவிட்டேன்.

தூக்கி நிறுத்தினோம். மேல்முனை மாடியில் உட்கார்ந்தது. கீழ்முனை கட்டைக்கு மூன்றரை அடி முன்னாலேயே தரையைத் தொட்டுவிட்டது. பெருமாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். "அண்ணே, இதுல ஏறுனா மாடிக்கு இல்ல, நேரா மேலோகந்தான்" என்றான். உன் அம்மா வாசலில் நின்று அந்தச் செங்குத்தைப் பார்த்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். கேட்டுக்கொள், உனக்கு மட்டும் அனுப்பினேன்.

நீ உடனே கூப்பிட்டாய். "அப்பா, நீங்க எங்க இருந்து அளந்தீங்க?"

"அத அது கேக்கலையே."

"தரையில இருந்துதாம்பா அளப்பாங்க. உலகம் பூரா அப்படித்தான்."

"உலகம் பூரா குண்டு கட்டுன நூலு நேராத்தாண்டா தொங்கும்."

"ஐயோ அப்பா, கணக்குல தப்பே இல்ல. நீங்க குடுத்த நம்பருதான் தப்பு."

அன்றைக்கு நான் போனை வைத்துவிட்டேன். கணக்கில் தப்பில்லை என்று நானும்தான் சொல்கிறேன். லாக் புக்கை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். தரையிலிருந்து ஐம்பது என்றால் உன் கருவி சொன்னது அங்குலம் பிசகாமல் சரி. என் எண்ணும் சரி, உன் கணக்கும் சரி, படி மட்டும் கட்டையில் போய் உட்காரவில்லை. அந்த இரண்டு சரிக்கும் நடுவில் என்ன விட்டுப்போனது என்பதுதான் என் கேள்வி. அதற்கு நீ பதில் சொல்லவில்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாய். நான் உம்மென்று இருப்பதைப் பார்த்து மடிக்கணினியைத் திறந்து உன் வேலையை எனக்குக் காட்டினாய். அதற்காக உன்மேல் எனக்கு இப்போதும் மதிப்பு உண்டு. "உங்க போன்ல பேசறது ஏஜென்ட்டு. ஏஜென்ட்டுன்னா ஒரு வேலையத் தானா எடுத்துச் செய்யறதுப்பா. ஆனா சைன், காஸெல்லாம் மனசுக்குள்ளயே போட்டா தப்பு விட்டுரும். அதுக்குத்தான் என் கருவி. எப்போ அத எடுக்கணும், அதுக்கு என்ன குடுக்கணும், திரும்பி வர்றது என்ன, எல்லாம் நான் எழுதி வெக்கிறதப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கும்" என்றாய். "நீ எழுதுனதத் தவிர வேற ஒண்ணும் தெரியாதா?" என்றேன். "கருவியப் பத்தி வேற ஒண்ணும் தெரியாதுப்பா" என்றாய். எழுதுகிறவன் எதை விடுகிறானோ அது உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிடுகிறது. இப்படி ஒரு வேலையை என் மகன் செய்கிறான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நீ ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய். நன்றாக எழுதியிருந்தாய். கோணத்தை டிகிரியில் கொடுக்க வேண்டும், ரேடியனில் இருந்தால் முதலில் மாற்ற வேண்டும் என்பதை மட்டும் நாலு இடத்தில், நாலு விதமாக, உதாரணத்தோடு எழுதியிருந்தாய். தொண்ணூறு டிகிரிக்கு டேன் கேட்டால் விடை இல்லை என்று சொல்லச் சொல்லியிருந்தாய். வெறும் கூட்டல் கழித்தலுக்கு இந்தக் கருவியை எடுக்காதே என்றுகூட எழுதியிருந்தாய். ரேடியனுக்கு ஏன் இத்தனை என்று கேட்டேன். "எங்க ஆளுங்க எல்லாரும் அங்கதாம்பா தப்பு பண்ணுவாங்க" என்றாய். உங்கள் ஆட்கள் செய்கிற தப்புக்கு நாலு இடம். எங்கள் ஆட்கள் அளக்கிற அளவுக்கு ஓர் இடம்கூட இல்லை. ஒரே ஒரு வரி சேர் என்று கேட்டேன். தரையிலிருந்தா, தொங்கும் நூலிலிருந்தா என்று தெரியாவிட்டால் ஆளைக் கேள், நீயாக முடிவு செய்யாதே. இவ்வளவுதான்.

நீ தலையைச் சொறிந்தாய். "வரி கூடக் கூட அது எதையாச்சும் புடிச்சுக்கிட்டுக் கொழம்பும்பா. தொட்டதுக்கெல்லாம் கேள்வி கேட்டா, ஆளுங்க எரிச்சலாகி மூடிட்டுப் போயிருவாங்க. டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிருச்சு" என்றாய். நீ சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அரை அங்குலக் கம்பி வாங்க வந்தவனிடம் ஆயிரம் கேள்வி கேட்டால் அவன் பக்கத்துக் கடைக்குத்தான் போவான். ஆனால் வெட்டிவிட்டால் திரும்ப நீட்ட முடியாத வேலையில் ஒரு கேள்வி கேட்காமல் இரும்பு வெட்டும் டார்ச்சைப் பற்றவைக்கிறவனை நான் என் பட்டறையில் வைத்துக்கொள்ள மாட்டேன். அதைச் சொன்னேன். "சரிப்பா" என்று மூடி வைத்தாய். அந்த "சரிப்பா" எனக்குத் தெரியாதா?

இதுவரைக்கும் ஆனது அப்பனுக்கும் மகனுக்கும் உள்ள வழக்கமான இழுபறி. அடுத்த வாரம் மருமகள் பேசினாள். அவள் கள்ளமில்லாத பெண், இதில் அவளை ஒன்றும் சொல்லிவிடாதே. "மாமா, உங்க படிக்கட்டு போட்டோவ இவரு ஆபீஸ்ல பெரிய ஸ்கிரீன்ல போட்டாராம். எல்லாரும் ஒரே சிரிப்பாம்" என்று அவளும் சிரித்தாள். கீழே என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். 'பயனர் பிழை' என்று எழுதியிருந்ததாகச் சொன்னாள். உன்னிடம் கேட்டதற்கு, "பேரு எதுவும் போடலப்பா" என்றாய். பெயரைப் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெயர் இல்லாத ஒருத்தன், அளக்கத் தெரியாத ஒருத்தன் என்று அத்தனை பேர் முன்னால் நிறுத்திவிட்டாய்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். பத்தாவதில் சுவரில் சாய்த்த ஏணிக் கணக்கு ஒன்றுக்கு நான் சொல்லிக்கொடுத்தபடி நூலிலிருந்து கோணத்தை வைத்து நீ எழுதினாய். வாத்தியார் சிவப்பு மையில் அடித்துவிட்டார். "உங்க கணக்கால எனக்கு மார்க்கு போச்சு" என்று தாளை என் முன்னால் போட்டாய். நான் வேலையை அப்படியே விட்டுவிட்டு உன் பள்ளிக்கூடத்துக்கு வந்து வாத்தியாரிடம் வாதாடினேன். "புஸ்தகத்துல தரையில இருந்துன்னுதாங்க இருக்குது" என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். நீ கதவோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். அன்றிலிருந்து நீ தரையிலிருந்து அளக்கிறாய். நான் நூலிலிருந்து அளக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நூலிலிருந்து அளக்கிற மனிதன் ஒருவன் இந்த உலகத்தில் இருக்கிறான் என்று அந்தப் பெரிய ஆபீஸிலேயே தெரிந்தவன் நீ ஒருவன்தான். தெரிந்த நீயே எழுதாமல் விட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

அந்தச் சேனல்களை நான் ஒட்டுப் போடவில்லை, பழைய இரும்புக்கும் போடவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்தேன். புதுச் சேனல் வாங்கிப் போட்டாயிற்று, ஆனால் வெட்டவில்லை. அந்த இயந்திரம் என்னைத் திருப்பிக் கேட்கிற வரைக்கும் வெட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். தினமும் காலையில் டீ குடித்ததும் போனை எடுத்து அதே கேள்வியை அதே எண்ணோடு கேட்பேன். அதுவும் மரியாதையாக அதே பதிமூன்று அடியைச் சொல்லும். உன் அம்மா துணியை வாசல் கொடியில் காயப்போட்டுக்கொண்டே பார்ப்பாள். "ஏங்க, காலங்காத்தால சாமி கும்புடறாப்பல அதுகிட்டப் போய் அம்பது அம்பதுங்கறீங்களே, மழை வந்தா இந்தத் துணிய எங்க கொண்டு போறது?" என்பாள். மாடி அறையைக் காட்டினேன். "ஏறிக் காட்டுங்க, வர்றேன்" என்றாள். என்ன சொன்னாலும் நான் அசையவில்லை. பிடிவாதம் என்று நீயும் அவளும் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அப்படியே இருக்கட்டும். பிடிவாதம் இல்லாமல் இருந்திருந்தால் எட்டாவது படித்தவன் லாக் புக் படித்திருக்க மாட்டான்.

நேற்றுக் காலையில் வழக்கம்போல் கேட்டேன். பதில் வரக் கொஞ்சம் நேரமானது. பிறகு, "ஐம்பது டிகிரி என்பது தரையிலிருந்து அளந்ததா, தொங்கும் நூலிலிருந்து அளந்ததா? தெரிந்தால் சரியான நீளத்தைச் சொல்கிறேன்" என்றது.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். தொங்கும் நூல் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது நம் பட்டறைப் பேச்சு. நீ எழுதாமல் அதற்கு அந்த வார்த்தை வந்திருக்காது. எப்போது எழுதினாய், யாரிடம் சண்டை போட்டு எழுதினாய், எதை வெட்டி இதற்கு இடம் பிடித்தாய், எனக்குத் தெரியாது. எழுதிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. என் மகன்தானே, எப்படிச் சொல்வாய்? நானும் உன்னைக் கூப்பிடவில்லை. போனுக்கு மட்டும் பதில் சொன்னேன். "நூலிலிருந்து." பதினைந்தரை அடி, அதற்கு மேல் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு என்றது. இந்த முறை கயிற்றையும் டேப்பில் அளந்தேன். இரண்டும் ஒத்துப்போனதைப் பெருமாளிடம் காட்டினேன். அதற்காகவே அளந்தேன்.

டார்ச்சை எடுக்கப் போனபோது உன் அம்மா கொடிக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னாள்: "அதுகூடக் கேட்டுருச்சு. நீங்க என்னிக்காச்சும் கேட்டீங்களா?"

"என்னத்தக் கேக்கணும்?"

"படி எந்தப் பக்கம் வேணும்னு. வாசல்ல வெச்சா வந்தவங்க போனவங்க எல்லாரும் நான் முட்டியப் புடிச்சுக்கிட்டு ஏறுறத வேடிக்கை பாக்கணும். வடாம் போட, துணி காயப்போட, எல்லாத்துக்கும் நான் அடுப்படியில இருந்துதான் மேல போகணும். கட்டை ஊத்துன அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன். நீங்கதான் முடிவு பண்ணிட்டீங்களே."

எடுக்கப் போன டார்ச்சை அப்படியே விட்டுவிட்டேன். பெருமாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், முதுகு குலுங்கியது. இதை வைத்து நீ என்னிடம் ஏதாவது கணக்குத் தீர்க்கலாம் என்று நினைக்காதே. அவள் சொன்னது எனக்கும் அவளுக்கும். உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. உனக்கும் புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது. அந்தப் பெண் கொடியோரம் நின்று சொல்லும்வரை காத்திருக்காதே. இயந்திரத்துக்கு எழுதிக் கொடுத்த அந்த வரியை உனக்கும் ஒரு முறை படித்துக்கொள்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது, அதில் நான் இறங்கி வருவதாக இல்லை. உன் ஆபீஸில் என் படியின் படத்துக்குக் கீழே எழுதியதை நீ மாற்ற வேண்டும். அழிக்கச் சொல்லவில்லை, சிரித்தவர்கள் சிரித்துவிட்டார்கள். 'கேட்காமல் போட்ட கணக்கு' என்று எழுது. அதே பெரிய திரையில், அதே ஆட்கள் முன்னால் போட்டுக் காட்டு. காட்டிய பிறகு எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. "சரிப்பா" வேண்டாம்.

வாசல் கட்டையை இன்று காலையில் பெருமாளும் நானும் கடப்பாரையால் பெயர்த்தோம். வயசான இருவருக்கு அது லேசான வேலை இல்லை. புதிய கட்டை ஈரம் காயக் கிடக்கிறது. ஆவணியில் நீங்கள் வரும்போது படி இருக்கும். வந்ததும் வாசலில் நின்று தேடாதே. எந்தப் பக்கம் என்று உன் அம்மாவைக் கேள்.